மூட்டு மாற்றும் முதலாளி கைச் சாவிக்கொத்தும்

வரி, வாடகை, உரிமக் கட்டணம், எடைக்கல் முத்திரை என்று எழுதிப் பழகிய இந்தப் பக்கத்தில் இம்முறை முழங்காலைப் பற்றி எழுதுகிறோம். இதென்ன வைத்தியப் பத்திரிகையா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து தேவதானம் வரை கடைத்தெருவில் நம் வயதுக்காரர்களை எண்ணிப் பாருங்கள். கல்லாவிலிருந்து எழும்போது மேசையைப் பிடிக்காமல் எழுபவர் எத்தனை பேர்? கூட்டத்தில் மூட்டு வலியைப் பற்றிப் பேசாத ஆளில்லை. அறுவைக்கு எப்படித் தயாராவது என்று பேசும் ஆள்தான் இல்லை.

தீபாவளிச் சரக்குக்கு ஆடியிலேயே கணக்குப் போடுகிறோம். பருப்பு எப்போது இறங்கும், வத்தல் எப்போது ஏறும் என்று மூன்று மாதம் முன்னே பார்க்கிறோம். ஆனால் நம் உடம்பில் ஓர் எலும்பையே அறுத்து எடுத்து உலோகம் வைக்கப் போகிறார்கள் என்றால், முதல் நாள் மாலை வரை கடையில் இருந்துவிட்டு, மறுநாள் காலை காரில் ஏறி மதுரைக்குப் போகிறோம். நாமும் அப்படித்தான் போனோம். போன வேகத்தில் திரும்பியும் வந்தோம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஆடி மாதம் வியாபாரம் மந்தம் என்று பார்த்து வலது காலுக்குத் தேதி வாங்கினோம். டாக்டர் முன்னதாகவே ஒரு தாள் நிறையச் சோதனைகள் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த வாரம் லாரி இரண்டு வந்து இறங்கியது. நாளை எடுக்கலாம், மறுநாள் எடுக்கலாம் என்று தள்ளி, கடைசியில் சேர்ந்த அன்றுதான் இரத்தம் கொடுத்தோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 286. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 9.8. மயக்க மருந்து டாக்டர் தாளைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். “ஐயா, இந்தச் சர்க்கரையோடு கத்தி வைத்தால் புண் ஆறாது. உள்ளே சீழ் பிடித்தால் வைத்ததையே கழற்றி எடுக்க வேண்டி வரும். வீட்டுக்குப் போய்ச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்” என்றார். போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர். அறை எடுத்த பணம், கார் வாடகை எல்லாம் நம் கைக்காசு. டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தது நாம்தான்.

அந்த மூன்று மாதத்தில் கற்றது நிறைய. பொதுவாக எச்பிஏ1சி எட்டுக்குக் கீழே, முடிந்தால் ஏழரைக்குக் கீழே இருந்தால்தான் டாக்டர்கள் இந்த அறுவைக்கு மனம் ஒப்புகிறார்கள். மூட்டுக்குள் வைப்பது உயிரில்லாத உலோகம். கிருமி ஒன்று அதில் போய் ஒட்டிக்கொண்டால் மருந்து அங்கே எளிதில் எட்டாது. அதனால்தான் கிருமி வரும் வாசல்களை எல்லாம் முன்னதாக அடைக்கச் சொல்கிறார்கள். சொத்தைப் பல் ஒரு வாசல். நமக்கு இரண்டு பல் பிடுங்கினார்கள். முழங்காலுக்குப் போனவனுக்குப் பல்லில் என்ன வேலை என்று கடையில் சிரித்தார்கள். ஈறில் உள்ள சீழ் இரத்தத்தோடு போய் மூட்டில் இறங்கும் என்று தெரிந்த பிறகு சிரிப்பு நின்றது. சிறுநீரில் கிருமி இருந்தால் அதையும் தீர்க்க வேண்டும். அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. முதுகில் மயக்க ஊசி போட்ட பின் சிறுநீர் அடைத்துக்கொள்வது சகஜம். சுரப்பி வீக்கம் உள்ளவர்கள் வெட்கப்படாமல் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

நம் தொழிலுக்கே உரிய வாசல் ஒன்று இருக்கிறது. அது பாதம். கடைக்குள் செருப்பில்லாமல் நிற்பவர்கள் நாம். சாக்குத் தூசியும் உப்புத் தண்ணீரும் பட்டுப் பித்தவெடிப்பு இல்லாத மண்டிக்காரர் அபூர்வம். சேற்றுப்புண், நகச்சுற்று, ஆறாத கீறல் எது இருந்தாலும் அறுவையைத் தள்ளி வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் முன்பிருந்தே காலைக் கழுவித் துடைத்து, மருந்து போட்டு, கடைக்குள்ளும் செருப்பு அணிய வேண்டும். லட்சுமி இருக்கும் இடத்தில் செருப்பா என்று நம் கணக்குப்பிள்ளை கேட்டார். ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது முறை கொடுக்கும் பணமும் லட்சுமிதானே என்றோம். இன்னொன்று, முதல் நாள் வீட்டிலேயே காலைச் சவரம் செய்துகொண்டு போகாதீர்கள். கத்தி பட்ட சிறு கீறல் கண்ணுக்குத் தெரியாது, கிருமிக்குத் தெரியும். முடி எடுக்க வேண்டுமானால் அங்கேயே கருவி வைத்து எடுத்துக்கொள்வார்கள்.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் மருந்துக்கடையில் நின்று வலி மாத்திரை வாங்கி வெற்றிலை போல மெல்லுகிறோம். வருடக் கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகமும் வயிறும் கெடும். அறுவைக்கு முந்தைய சோதனையில்தான் அந்தக் கணக்கு வெளியே வரும். வலி தாங்காமல் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் தேதியைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த ஊசிக்கும் அறுவைக்கும் நடுவில் மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும் என்கிறார்கள். இருதயத்துக்கு இரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் சாப்பிடவும் கூடாது. இருதய டாக்டரும் எலும்பு டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டியது அது. நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பீடி, சிகரெட், புகையிலை ஒரு மாதம் முன்பே நின்றாக வேண்டும். புகை இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், புண் ஆறுவது தாமதமாகும்.

தொடைத் தசைக்குப் பயிற்சி அறுவைக்குப் பிறகுதான் என்று நினைத்திருந்தோம். முன்பே தொடங்க வேண்டுமாம். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணி விட வேண்டும். காலை மடக்காமல் நீட்டித் தூக்கி இறக்க வேண்டும். காலையில் பத்து, மாலையில் பத்து. மூன்று மாதம் செய்த பின், அறுவை முடிந்த மறுநாள் வாக்கரைப் பிடித்து நிற்கும்போது அதன் அருமை தெரிந்தது. பக்கத்துக் கட்டிலில் பயிற்சி செய்யாமல் வந்தவர் காலைத் தூக்கவே இரண்டு நாள் பிடித்தது.

இனி பணம். இதில் வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைப்போம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நம் பேரம் பேசும் வாய் அடைத்துப் போகிறது. முழங்காலுக்கு வைக்கும் பொருத்துக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு விதித்தது. அதிகம் பேருக்கு வைக்கும் கோபால்ட் குரோமியப் பொருத்து அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்றது. அதற்கு 54,720 ரூபாய், வரி தனி என்று கட்டினார்கள். டைட்டானியம் போன்ற தனி உலோகத்தில் செய்தது 2,49,251 ரூபாயிலிருந்து 76,600 ரூபாய்க்கு வந்தது. நாம் மூட்டைக்குப் பத்து ரூபாய் கூட வைத்தால் கொள்ளை லாபம் என்று எழுதுகிறார்கள். ஒரே ஆணையில் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிற விலை அதற்கு முன் எப்படி நின்றது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. போகட்டும். அதன் பிறகு அவ்வப்போது வரம்பு மாறி வருகிறது. சேரும் மாதத்தின் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பொருத்தின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். அறை, அறுவைக் கூடம், டாக்டர், மயக்க மருந்து, பிசியோதெரபி, மருந்து எல்லாம் சேர்ந்ததா, தனித்தனியா என்று தாளில் எழுதி வாங்குங்கள். பில்லில் பொருத்து தனி வரியாக வரட்டும். பொருத்துப் பெட்டியில் கம்பெனி பெயர், அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அதில் ஒன்றை உங்கள் கோப்பில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். சிப்பத்தில் தொகுப்பு எண் பார்க்காமல் சரக்கு எடுக்கிறோமா? நாளை அந்தக் காலில் ஏதாவது வேலை செய்ய வேண்டி வந்தால் அந்த எண் இல்லாமல் டாக்டர் திண்டாடுவார்.

காப்பீடு எடுத்தவர்களும் கவனிக்க வேண்டும். விபத்தில் அல்லாமல் தேய்மானத்தால் வரும் மூட்டு மாற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு, மூன்று வருடம் காத்திருப்புக் காலம் உண்டு. வலி வந்த பிறகு பாலிசி எடுத்தால் பயனில்லை. வரம்புக்கு மேல் வாடகை உள்ள அறையை எடுத்தால் அறை வாடகையில் மட்டும் கழிப்பார்கள் என்று எண்ணாதீர்கள். பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம் முதல் மற்றவையும் அதே விகிதத்தில் வெட்டுப்படும். நம் கடைகளில் மூட்டை சுமக்கும் தொழிலாளிகளுக்கும் முழங்கால் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் அந்த அட்டையில் மூட்டு மாற்று செய்கிறார்கள். அட்டைக்கு வருமானச் சான்று வாங்க அவர்களுக்கு ஒரு நாள் விடுப்பு வேண்டும். அந்த நாள் கூலியைப் பிடிக்காமல் கொடுப்பது நம்மால் ஆகாத காரியமல்ல.

உடம்பைத் தயார் செய்து, பணத்தைத் தயார் செய்து கார்த்திகையில் மறுபடியும் போனோம். இம்முறை கால் தயார், கடை தயாரில்லை. இதைத்தான் நம் உறுப்பினர்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 18ஆம் தேதி அறுவை. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் செய்ய வேண்டும். ஓடிபி எண் நம் கைப்பேசிக்குத்தான் வரும். கைப்பேசி வீட்டில் அம்மா கையில். ஆடிட்டர் ஆபீசிலிருந்து பையன் போன் செய்து “அம்மா, இப்போது வந்த நம்பரைச் சொல்லுங்கள்” என்றிருக்கிறான். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று பத்து வருடமாகப் படித்துப் படித்துச் சொன்னவர்கள் நாம். அவர் சொல்லவே இல்லை. நாலு தடவை கேட்டதும் கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டார். கணக்கு 23ஆம் தேதிதான் போனது. நாளுக்கு 50 வீதம் 150 ரூபாய் தாமதக் கட்டணம், வரிப் பணத்துக்கு 18 சதவீத வட்டி. தொகை பெரிதல்ல. ஆனால் பருப்பு மில்லுக்குப் போக வேண்டிய காசோலையில் கையெழுத்துப் போடவும் நம்மைத் தவிர ஆளில்லை. மகன் கடையில் பதினைந்து வருடமாக நிற்கிறான். கையெழுத்து அதிகாரம் மட்டும் நாம் கொடுக்கவில்லை. கேட்டால் அதற்கென்ன அவசரம் என்போம். மில்காரரிடம் அவன் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டியதாயிற்று.

பாக்கிக் கணக்கு இன்னும் மோசம். பேரேட்டில் ஏறியது பாதி, நம் மண்டையில் இருந்தது பாதி. அறுவை முடிந்து ஆறு வாரம் கடைக்கு வராமல் இருந்தபோது இரண்டு பேர், “அண்ணாச்சியிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டோமே” என்றார்கள். கொடுத்தவரும் இருக்கலாம், கொடுக்காதவரும் இருக்கலாம். மகனுக்கு எப்படித் தெரியும்? ஆகவே தேதி வாங்கிய அன்றே ஒரு நோட்டுப் போட்டு வாய்ச்சொல் பாக்கிகளை எல்லாம் எழுதுங்கள். வங்கியில் இரண்டாவது கையெழுத்து ஏற்பாடு செய்யுங்கள். ஓடிபி வரும் எண்ணுக்கு மாற்று வழி என்ன என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தவறு செய்தால் நாம் இருக்கும்போதே செய்யட்டும். வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே 2000 அக்டோபரில் இடது முழங்காலையும் 2001 ஜூனில் வலது முழங்காலையும் மும்பையில் மாற்றிக்கொண்டார். ஒரு நாட்டின் நிர்வாகம் அதைத் தாங்கியது. ஒரு மண்டி தாங்காதா?

வீட்டிலும் வேலை உண்டு. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லையில், அதற்கு இரண்டு படி, நிலைப்படி வேறு. உட்கார்ந்து எழும் கழிப்பறை புது மூட்டுக்கு ஆகாது. மேல்நாட்டுக் கோப்பை வைத்து, பக்கத்துச் சுவரில் பிடிக்கக் கம்பி அடித்துவிட்டுத்தான் போக வேண்டும். வந்த பிறகு கொத்தனாரைத் தேடினால் அந்த ஒரு வாரம் நரகம். மிதியடி, சுருண்ட பாய் எல்லாம் ஒதுக்க வேண்டும். மாடியில் படுப்பவர் கட்டிலைக் கீழே இறக்க வேண்டும். கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி ஒன்று, இரவு விளக்கு ஒன்று. கடையில் திண்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்த காலமும் முடிந்தது. மேசை நாற்காலிக்கு மாறிவிடுங்கள். தகப்பனார் உட்கார்ந்த இடமாயிற்றே என்று நமக்கும் தொண்டை அடைத்தது. என்ன செய்ய?

கடைசியாக ஒன்று. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நாம் முதன்முதலில் டாக்டரிடம் போன அன்று வீட்டில் அம்மாவும் கூட வந்தார். சும்மா பார்ப்போமே என்று அவருக்கும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நம் காலைவிட அவர் கால்தான் மோசம். இரண்டு முழங்காலிலும் குருத்தெலும்பு போய் எலும்போடு எலும்பு உரசுகிறது. ஐம்பது வயதுக்குப் பிறகு இந்தத் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்றார் டாக்டர். “முதலில் அவருக்குச் செய்யுங்கள், கடையைப் பார்க்கிறவர் அவர்தானே” என்றார் அவர். நாமும் சரி என்றோம். அதன் பிறகு நம் கால் ஒத்திப்போனது, ஆறியது, ஓடியது. அவர் கால் சீசனுக்குப் பின், கல்யாணத்துக்குப் பின், பேரன் பரீட்சைக்குப் பின் என்று இரண்டு வருடம் நின்றது. நமக்கு வாக்கர் பிடித்து நடத்தியவரும், கொல்லைப் படியில் வெந்நீர் சுமந்தவரும் அந்தக் காலோடுதான் செய்தார். சிவராத்திரிக்குச் சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை, நம் தேவதானம் என்று ஐந்து கோயிலும் சுற்றுவது அவர் வழக்கம். போன சிவராத்திரிக்கு நம் ஊர் நச்சாடை தவிர்த்த சுவாமி சன்னதியோடு நின்றுவிட்டார். காரில் உட்கார்ந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்று மற்ற நாலையும் தவிர்த்தார். கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

நம் சங்க உறுப்பினர் வீடுகளில் இது எத்தனை வீட்டில் நடக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் வீட்டு அடுப்படியைப் பார்த்துக்கொள்ளலாம். கடை வருமானம் ஆண்பிள்ளை காலில் நிற்கிறது என்பது பாதிக் கணக்கு. அறுவைக்குப் பின் ஆறு வாரம் நம்மைத் தூக்கி நிறுத்த வீட்டில் ஆள் உண்டு. அவர்கள் படுத்தால் யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் அவர்கள் தேதி தள்ளிப் போகிறது. ஆக அவர்கள் அறுவைக்குத் தயாராக வேண்டியவர்கள் நாம்தான். சோறு யார் பொங்குவது, மகளோ கொழுந்தியாளோ வந்து இருப்பார்களா, பிசியோதெரபிக்கு யார் கூட்டிப் போவது என்று முன்னரே முடிவாக வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறோம். வாக்கர் இரண்டு, கழிப்பறை நாற்காலி இரண்டு, உயரம் கூட்டும் இருக்கை ஒன்று வாங்கிச் சங்க அலுவலகத்தில் போட்டு வைத்தால், உறுப்பினர் வீடுகளுக்கு முறை வைத்து எடுத்துப் போய்ப் பயன்படுத்தித் திருப்பித் தரலாம். எல்லோரும் புதிதாக வாங்கி, இரண்டு மாதம் வைத்திருந்து, பரணில் ஏற்றுகிறோம். நம் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கிறது, அதை முதல் பொருளாகக் கொடுக்கிறோம். நாடெங்கும் அறுவைக் கூடங்களுக்குப் போகும் காஸ் துணியை நெய்யும் சத்திரப்பட்டி நமக்கு அருகில்தான் இருக்கிறது. கட்டுத் துணியும் பஞ்சும் மலிவாகப் பிடித்து வைப்பது நமக்குக் கடினமில்லை. அறுவை செய்துகொண்டவர்கள் நாலைந்து பேர் மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினால், சேர்ந்த அன்று சர்க்கரை பார்த்துவிட்டுத் திரும்பி வரும் கூத்து குறையும்.

வாக்கரை உடனே கொடுக்க முடியாது, தை முடிந்துதான் தருவோம். பொங்கலுக்குப் பிந்தைய வாரத்தில் வீட்டில் அம்மாவுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். வத்தல் வரத்து தொடங்கும் நேரம். இம்முறை சோதனைத் தாள் நம் சட்டைப் பையில் இல்லை, மருமகள் கையில் இருக்கிறது. போன வாரமே இரத்தம் கொடுத்தாயிற்று, எச்பிஏ1சி 6.9.